ஏழு நிமிடம் நின்ற இதயம்: ஸ்டோலே சொல்பாக்கனின் கதை

நார்வே கால்பந்து என்றால் இப்போது எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் எர்லிங் ஹாலண்ட். கொஞ்சம் பழைய ரசிகர்களைக் கேட்டால் மான்செஸ்டர் யுனைடெட்டின் சோல்ஷர் பெயரைச் சொல்வார்கள். நான் எழுதப் போவது இந்த இருவரைப் பற்றியும் இல்லை. இவர் பெயரைக் கேட்டால் நம் வகுப்பில் பாதிப் பேர் "யாருப்பா அது?" என்று தான் கேட்பார்கள். ஸ்டோலே சொல்பாக்கன். நடுக்கள ஆட்டக்காரர். 33 வயதில், பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது இதயம் நின்று மைதானத்திலேயே விழுந்தவர். மருத்துவக் கணக்குப்படி இறந்தவர். பிறகு எழுந்து வந்து, ஆட்டக்காரராகச் சாதித்ததை விடப் பல மடங்கு சாதித்தவர்.

ஒரு மனிதனுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது பொதுவாக "ஓய்வு பெற்றார்" என்ற இடத்தில் முடித்துவிடுவார்கள். சொல்பாக்கன் விஷயத்தில் உண்மையான கதை ஆரம்பிப்பதே அங்கே தான். ஆனாலும் முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதி புரியாது. அதனால் வரிசையாகவே வருவோம்.

சின்ன ஊர், மெதுவான தொடக்கம்

சொல்பாக்கன் பிறந்தது 1968 பிப்ரவரி 27-ல், ஸ்வீடன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கோங்ஸ்விங்கர் என்ற சிறிய நகரத்தில். அந்த வட்டாரத்தில் உள்ள க்ரூவே என்ற ஊரின் கிளப்பில் தான் கால்பந்தைத் தொடங்கினார். பதினேழு வயதிலேயே பெரிய கிளப்புகள் அள்ளிக்கொண்டு போகும் ரகம் இல்லை. ஹாமார் நகரத்தின் ஹாம்-காம் கிளப்புக்கு வந்தபோது அவருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. 1994-ல் லில்லெஸ்ட்ரம் கிளப்புக்கு மாறினார். அதே ஆண்டில் நார்வே தேசிய அணிக்கும் முதல் முறையாக விளையாடினார். அப்போது வயது 26.

அந்தக் காலத்து நார்வே அணியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1938-க்குப் பிறகு உலகக் கோப்பைப் பக்கமே போகாமல் இருந்த நாடு அது. 1990-ல் 'ட்ரில்லோ' என்று செல்லமாக அழைக்கப்படும் எகில் ஓல்சன் பயிற்சியாளராக வந்தார். ஆட்டத்தைப் புள்ளிவிவரங்களோடு அலசிப் பார்ப்பவர். தடுப்பாட்டத்தில் ஒவ்வொருவரும் எதிராளியைத் துரத்துவதற்குப் பதிலாகத் தன் பகுதியைக் காக்க வேண்டும், பந்து கிடைத்தவுடன் நேராக முன்னால் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய பாணி. பார்க்க அழகாக இல்லை என்று நிறையப் பேர் திட்டினார்கள். ஆனால் 1993-லும் 1995-லும் ஃபிஃபா தரவரிசையில் நார்வே உலகின் இரண்டாம் இடம் வரை போனது! நாற்பது ஐம்பது லட்சம் மக்கள் தொகை உள்ள, பாதி வருடம் பனியில் கிடக்கும் நாடு.

அந்த அணியில் தனி ஆளாக மின்னுவதை விட, யார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பது முக்கியம். சொல்பாக்கன் அதில் தேர்ந்தவர். நடுக்களத்தில் இருந்துகொண்டு, சரியான நேரத்தில் பெட்டிக்குள் நுழைந்து கோலும் அடிப்பார். தேசிய அணிக்கு மொத்தம் 58 ஆட்டங்கள், 9 கோல்கள். 1998 உலகக் கோப்பை, 2000 யூரோ இரண்டிலும் நார்வே அணியில் இருந்தார். 1998-ல் தான் மார்செய் நகரில் நார்வே பிரேசிலை 2-1 என்று வீழ்த்தியது. அடுத்த சுற்றில் இத்தாலியிடம் 0-1 என்று தோற்று வெளியேறியது. இந்த இத்தாலியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

லண்டனில் கசப்பு, டென்மார்க்கில் இனிப்பு

1997-ல் அவருக்கு இங்கிலாந்து பிரீமியர் லீக் வாய்ப்பு வந்தது. கிளப் விம்பிள்டன். அந்த ஆண்டில் தான் இரண்டு நார்வே தொழிலதிபர்கள் அந்தக் கிளப்பின் பெரும்பங்கை வாங்கியிருந்தார்கள். ஆனால் மேனேஜர் ஜோ கின்னியருக்கும் சொல்பாக்கனுக்கும் ஒத்துப்போகவில்லை. லீக்கில் ஆறு ஆட்டம், ஒரு கோல். அவ்வளவு தான் அவருடைய இங்கிலாந்து கணக்கு. சில மாதங்களிலேயே மூட்டையைக் கட்டிவிட்டார்.

1998-ல் டென்மார்க்கின் ஆல்போர்க் கிளப்புக்குப் போனார். போன வேகத்தில் 1998-99 லீக் பட்டம். 2000-ல் தலைநகரின் எஃப்.சி. கோபன்ஹேகன் அவரை எடுத்துக்கொண்டது. இந்தக் கிளப்புக்கு அப்போது வயது எட்டு தான். இரண்டு பழைய கிளப்புகளை இணைத்து 1992-ல் உருவாக்கியது. முதல் சீசனிலேயே (1992-93) லீக் பட்டம் வென்றது, அதன் பிறகு ஒன்றும் இல்லை. 2000-01 சீசனில் பயிற்சியாளர் ராய் ஹாட்ஜ்சன். பட்டத்துக்கான போட்டியில் அணி இருந்தது. சொல்பாக்கன் அனுபவசாலியாக நடுக்களத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

2001 மார்ச் 13

அன்று வழக்கமான பயிற்சி. யாரும் அவரை மோதவில்லை, தள்ளவில்லை. சொல்பாக்கன் அப்படியே சரிந்தார்.

கிளப் மருத்துவர் ஃப்ராங்க் ஓட்கார்ட் வந்து பார்த்தார். இதயத் துடிப்பு இல்லை. உடனே மார்பை அழுத்தி முதலுதவி கொடுக்க ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் மருத்துவரீதியாக இறந்துவிட்டதாகவே அறிவிக்கப்பட்டது. ஆனாலும் முயற்சியை விடவில்லை. ஏறக்குறைய ஏழு நிமிடங்களுக்குப் பிறகு, ஆம்புலன்ஸில் வைத்து, அந்த இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்தது. சுமார் முப்பது மணி நேரம் கோமாவில் இருந்தார். பிறகு கண் விழித்தார்.

இந்த ஏழு நிமிடத்தை ஒரு வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நாம் எல்லாவற்றையும் "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டு வரும் குழாய் அடைத்துக்கொள்வது. குழாய்ப் பிரச்சினை. அந்த நேரத்தில் ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலிக்கிறது என்பார். இதய நிறுத்தம் வேறு. பெரும்பாலும் இதயத்தை இயக்கும் மின்சாரம் தாறுமாறாகி, இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடும். மின்சாரப் பிரச்சினை. சில நொடிகளில் நினைவு போய்விடும். செய்திகளில் மாரடைப்பு என்று எழுதினாலும், சொல்பாக்கனுக்கு அன்று வந்தது இந்த இரண்டாவது வகை. பிறவியிலேயே அவர் இதயத்தில் ஒரு குறை இருந்திருக்கிறது. அத்தனை ஆண்டு தொழில்முறை ஆட்டம், உலகக் கோப்பை எல்லாம் ஆடிய பிறகும் அது கண்ணில் படவே இல்லை.

இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது. நான்கைந்து நிமிடத்திலேயே மூளை செல்கள் கெட ஆரம்பிக்கும். உதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து சதவீதம் குறைகிறது என்பார்கள். அப்படியானால் ஏழு நிமிடம் கழித்து எழுந்தவர் எப்படித் தெளிவான மூளையோடு எழுந்தார்? பதில் அந்த மருத்துவரின் கைகளில் இருக்கிறது. மார்பின் நடுவில் அழுத்தும்போது நின்றுபோன இதயத்தின் வேலையைக் கொஞ்சம் நம் கை செய்கிறது. கொஞ்சமாவது ரத்தம் மூளைக்குப் போகிறது. இதயம் தானாகத் துடிக்கும் வரை நேரம் வாங்கித் தருகிறது. அவ்வளவு தான் அந்த முதலுதவியின் ரகசியம்.

அந்த சீசனின் முடிவில் கோபன்ஹேகன் லீக் பட்டத்தை வென்றது. எட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு. அந்தப் பட்டத்தில் பாதி வழி வரை ஓடியவர் கடைசி ஆட்டங்களை மைதானத்துக்கு வெளியே இருந்து தான் பார்க்க முடிந்தது. அவர் உடம்பில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இனி விளையாட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 33 வயதில் ஓய்வு.

மறுபடி ஹாமாரிலிருந்து

காமர்ஸ் மாணவன் என்பதால் எனக்கு ஒரு உதாரணம் தோன்றுகிறது. ஒரு இயந்திரம் பழுதாகிவிட்டால் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பைத் தள்ளுபடி செய்துவிடுவோம். 33 வயது, இதயக் குறை, பேஸ்மேக்கர். ஆட்டக்காரர் என்ற தலைப்பில் சொல்பாக்கனின் மதிப்பு பூஜ்யம். ஆனால் அவரிடம் இருந்த மிகப் பெரிய சொத்து அவருடைய கால்கள் இல்லையே. களத்தில் பத்து பேர் எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்கிற கண். அந்தச் சொத்து எந்தப் பேரேட்டிலும் ஏறியிருக்கவில்லை :)

2002 சீசனுக்கு அவர் பயிற்சியாளராகப் போனது எங்கே தெரியுமா? அதே ஹாம்-காம். அப்போது அது நார்வேயின் இரண்டாவது டிவிஷனில் கிடந்தது. 2003-ல் அந்த டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. 2004-ல் முதல் டிவிஷனில் ஐந்தாம் இடம். இதைக் கவனித்த கோபன்ஹேகன், 2006 தொடக்கத்தில் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. எந்தக் கிளப்பின் பயிற்சியில் அவர் விழுந்தாரோ அதே கிளப்.

கோபன்ஹேகனின் பொற்காலம்

இனி வருவது சாதனைப் பட்டியல். சுருக்கமாகவே தருகிறேன்.

லீக் பட்டங்கள்: 2006, 2007, 2009, 2010, 2011. (2005-06 சீசனின் முதல் பாதி அவருக்கு முன்பிருந்த ஹான்ஸ் பாக்கேயின் பொறுப்பில் நடந்தது, அதையும் சொல்வது தான் நியாயம்.) 2006-ல் ஆம்ஸ்டர்டாமிலேயே அயாக்ஸை 2-0 என்று வென்று, கிளப் வரலாற்றில் முதல் முறையாக சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குள் நுழைந்தார்கள். அங்கே சொந்த மைதானமான பார்க்கனில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று தோற்கடித்தார்கள். ரூனி, ரொனால்டோ இருந்த யுனைடெட்!

2010-11 தான் உச்சம். சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனா, ரூபின் கஸான், பனதினைக்கோஸ் இருந்த குரூப். பார்சிலோனாவில் நடந்த ஆட்டத்தில் அந்த அணியின் மாற்று கோல்கீப்பர் பின்டோ, கோபன்ஹேகன் ஆட்டக்காரர் பந்தோடு வரும்போது விசில் அடித்து ஏமாற்றினார். நடுவர் தான் ஊதினார் என்று நினைத்து அவர் நின்றுவிட்டார். அதற்குப் பின்டோவுக்கு இரண்டு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது தனிக் கதை. அந்த ஆட்டம் 0-2 தோல்வி. ஆனால் பார்க்கனில் மெஸ்ஸி கோல் அடித்த அடுத்த நிமிடமே கிளாடெமீர் திருப்பி அடித்தார். 1-1. அன்றைய பார்சிலோனாவோடு டிரா என்பது வெற்றிக்குச் சமம். குரூப்பில் இரண்டாம் இடம் பிடித்து, கடைசி 16 அணிகளுக்குள் நுழைந்த முதல் டென்மார்க் கிளப் ஆனது கோபன்ஹேகன். அங்கே செல்சியிடம் தோற்றது. அதே சீசனில் உள்ளூர் லீக்கை 26 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள்.

எப்படி முடிந்தது? அவர் நார்வே நடுக்களத்தில் கற்ற பாடம் தான். 4-4-2 அமைப்பு. தடுப்பாட்டத்தில் எல்லோரும் சேர்ந்து நகர வேண்டும், இடைவெளி விடக் கூடாது. தாக்கும்போது பக்கவாட்டு ஆட்டக்காரர்கள் உள்ளே வருவார்கள், அவர்கள் விட்ட இடத்தில் பின்னாலிருந்து தடுப்பாட்டக்காரர்கள் ஏறுவார்கள். ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ட்ரில்லோவிடமிருந்து ஒழுங்கை எடுத்துக்கொண்டு, அதில் பந்தாட்டத்தையும் சேர்த்தார் என்று சொல்லலாம்.

விழுவது பழகிவிட்டது

எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது வரலாறு இல்லை, வாழ்த்துப்பா. 2012-ல் நார்வே தேசிய அணியின் பொறுப்பை ஏற்பதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு 2011-ல் ஜெர்மனியின் கோல்ன் கிளப்புக்குப் போனார். ஒரு சீசன் முடிவதற்குள், 2012 ஏப்ரலில் நீக்கப்பட்டார். கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்து இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன். அங்கே ஆறு மாதம். லீக் அமைப்பின் நான்கு டிவிஷன்களுக்கும் வெளியே இருந்த லூட்டனிடம் எஃப்.ஏ. கோப்பையில் தோற்றதும், 2013 ஜனவரியில் வேலை போனது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இங்கிலாந்து அவருக்கு ராசியில்லை போலும்.

2013 ஆகஸ்டில் மறுபடி கோபன்ஹேகன். 2016, 2017, 2019 லீக் பட்டங்கள். 2020-ல் யூரோப்பா லீக் காலிறுதி வரை போய், கூடுதல் நேரத்து பெனால்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றார்கள். கொரோனா காரணமாக அந்த ஆட்டம் பொது இடத்தில் நடந்தது. அந்த இடம்? அவரை நீக்கிய அதே கோல்ன் நகரம்! அந்த அக்டோபரில் கோபன்ஹேகனும் அவரை விடுவித்தது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 2020 வரை அந்தக் கிளப் வென்ற 13 லீக் பட்டங்களில் 8 சொல்பாக்கன் பயிற்சியாளராக இருந்தபோது வந்தவை. ஆட்டக்காரராக இருந்த 2001-ஐயும் சேர்த்தால் 9. ஒரு மருத்துவர் ஏழு நிமிடம் கையெடுக்காமல் இருந்ததன் பலன் ஒரு உயிர் மட்டுமில்லை, ஒரு கிளப்பின் வரலாறே அதில் இருக்கிறது.

நார்வேயும் இத்தாலியும்

2020 டிசம்பரில் அவர் நார்வே தேசிய அணியின் பயிற்சியாளரானார். ஹாலண்ட், ஓடேகார்ட் போன்றவர்கள் இருந்தும் 2022 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. 2024 யூரோவும் கைவிட்டுப் போனது. 2023 ஜூனில் ஆஸ்லோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள்.

அடுத்து 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. குரூப்பில் இத்தாலி. நார்வே அதுவரை போன உலகக் கோப்பைகள் மூன்று தான்: 1938, 1994, 1998. மூன்றிலுமே இத்தாலியிடம் தோற்றிருக்கிறது! இந்த முறை 2025 ஜூனில் ஆஸ்லோவில் 3-0. நவம்பர் 16-ல் மிலானில், முதலில் ஒரு கோல் வாங்கிய பிறகு, 4-1. எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி, 37 கோல்கள். 1998-க்குப் பிறகு முதல் முறையாக நார்வே உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1998-ல் இத்தாலியிடம் தோற்ற அணியில் இருந்தவர், 27 ஆண்டு கழித்து இத்தாலியை வென்ற அணியின் பயிற்சியாளர்.

கடைசியாக

2021 ஜூன் 12. பார்க்கன் மைதானம். யூரோ போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமல் சரிந்து விழுந்ததை நாம் பலரும் டிவியில் பார்த்தோம். சொல்பாக்கன் இரண்டு முறையாக மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த மைதானம் அது. அங்கேயும் மார்பை அழுத்தினார்கள், டிஃபிப்ரிலேட்டர் கருவியால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். எரிக்சன் பிழைத்தார். 2022-லேயே மறுபடி விளையாட வந்துவிட்டார். 2024 யூரோவில் கோல் கூட அடித்தார். 2001-ல் இதயம் நின்றவருக்கு ஓய்வு தான் வழி, இருபது வருடம் கழித்து உடம்புக்குள்ளேயே ஒரு டிஃபிப்ரிலேட்டரோடு ஆடவே முடிகிறது. மருத்துவம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆனால் முதல் சில நிமிடங்களில் மட்டும் எதுவும் மாறவில்லை. பக்கத்தில் இருப்பவரின் இரண்டு கைகள் தான் அன்றும், இன்றும்.

சொல்பாக்கனுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவர் இருந்தார். நாம் விளையாடும் மைதானங்களில் யார் இருக்கிறார்கள்? விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளிப்போம், சோடா வாங்க ஓடுவோம், ஆட்டோ பிடிப்போம். அதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். கற்றுக்கொள்ள வேண்டியது பெரிய படிப்பு இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், உடனே ஒருவர் 108-க்கு போன் செய்ய வேண்டும். இன்னொருவர் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஐந்து ஆறு சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். கை வலித்தால் ஆள் மாற்றலாம், ஆனால் நிறுத்தக் கூடாது. இதைப் படித்தால் மட்டும் போதாது, ஒரு முறை பயிற்சி வகுப்பில் பொம்மையின் மேல் செய்து பார்த்துவிடுங்கள். கல்லூரியில் முகாம் நடந்தால், சான்றிதழுக்காக இல்லாமல் இதற்காகப் போங்கள்.

கீழே கிடப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. எழுந்தால் என்னவாக வருவார் என்பதும் தெரியாது. 2001 மார்ச் 13 அன்று ஃப்ராங்க் ஓட்கார்டுக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம். கருத்துகளை எழுதுங்கள் நண்பர்களே.